புளிக்காத வயிறு: மாத்திரையா, வினிகரா, ஊசியா?

ரப்பர் பால் மரம் சீவிய கைக்கு அமிலத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் பெரியம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருபத்தாறு ஆண்டு மரம் சீவியவர். வாளிப் பாலைத் தட்டில் ஊற்றித் தண்ணீர் சேர்த்து, ஃபார்மிக் அமிலத்தை அளந்து கலக்கினால் பால் உறையும். அளவு குறைந்தால் மறுநாள் காலையிலும் கூழாகக் கிடக்கும்; கூடினால் கட்டி இறுகிப்போய் மெஷினில் கொடுக்கும்போது படுத்தும். அப்படிப்பட்டவர் போன வருடம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "வயிற்றில் ஆசிட் அதிகம் என்று ஆறு வருடமாக மாத்திரை கொடுத்தார்கள். இப்போது ஆசிட் பற்றவில்லை, அதனால்தான் கால் மரத்துப்போகிறது என்கிறார்கள். இதில் எதை நம்புவது?"

இரண்டையும் நம்பலாம் என்பதுதான் பதில். அதை நான் விளக்கி முடிப்பதற்குள் வீட்டில் நான்கு கட்சி உருவாகிவிட்டது. மாத்திரையை இன்றே குப்பையில் போடு என்றார் என் அம்மா. ஆப்பிள் சைடர் வினிகரை ஒரு மாதம் குடித்தால் சரியாகிவிடும் என்றார் அண்ணி. நேரடி விற்பனையில் இருக்கும் தம்பி, வயிற்றில் அமிலத்தைக் கூட்டும் என்று 'பீட்டைன்' என்று எழுதிய மாத்திரை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கிளினிக் மருத்துவர் சொன்னதில் இந்த விறுவிறுப்பு எதுவும் இல்லை: மாத்திரை இருக்கட்டும், வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கடைக் கவுண்டரில் பதினோரு ஆண்டு நின்றவள் என்பதால் தீர்ப்பு என் தலையில் விழுந்தது. நான் மருத்துவர் அல்ல. ஆனால் இந்த நான்கையும் வாங்கிப்போனவர்களை வருடக்கணக்கில் பார்த்தவள்.

நம் ஊரில் வயிற்றுக்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'காஸ்ட்ரிக்'. ஏப்பம், உப்புசம், நெஞ்செரிச்சல், பசித்தால் வலி, தின்றால் வலி எல்லாம் அதில் அடக்கம். பாதிக் குழப்பத்துக்கு இந்த ஒற்றைச் சொல்தான் காரணம் என்பேன். அமிலம் கூடினாலும் உப்புசம் வரும், குறைந்தாலும் வரும், அமிலம் சரியாக இருந்து குடல் சோம்பினாலும் வரும். நெஞ்செரிச்சல் என்றாலே அமிலக் குறைவுதான் என்று அடித்துச் சொல்லும் காணொளிகள் நிறைய உலவுகின்றன; அதற்குச் சான்று கிடையாது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, ஏப்பம் வர எத்தனை நிமிடம் என்று எண்ணும் வீட்டுச் சோதனையும் அப்படித்தான். குடித்த சோடாவின் அளவு, விழுங்கிய காற்று, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் எல்லாம் அந்த ஏப்பத்தில் கலந்திருக்கும்.

அமிலம் செய்யும் வேலைகள்

இரைப்பைச் சுவரில் உள்ள சில செல்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் இரைப்பை நீர் ஊறுகிறது. வெறும் வயிற்றில் அதன் பிஎச் அளவு 1.5 முதல் 3.5 வரை இருக்கும் (இந்த எண் குறையக் குறைய அமிலக் கடுமை கூடும்). எலுமிச்சைச் சாற்றுக்கு நிகரான கடுமை, சில நேரம் அதையும் மிஞ்சும்.

இது இல்லாவிட்டால் சோறே செரிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரைப்பை கைவிட்டாலும் கணைய நீர் பெருமளவு சமாளித்துவிடும். நட்டம் வேறு இடத்தில் சத்தமில்லாமல் நடக்கிறது. மீன், முட்டை, இறைச்சியில் வைட்டமின் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து கரைந்து குடலில் ஏறவும் அமிலம் வேண்டும். உணவோடு உள்ளே போகும் கிருமிகளைக் கொல்லும் முதல் காவலும் அதுதான். அமிலம் குறைந்தவருக்குச் சால்மோனெல்லா போன்ற கிருமிகளின் வயிற்றுப்போக்கு எளிதில் வரும். சிறுகுடலில் கிருமிகள் பெருகி உப்புசம் கூடும். காப்பிக்கடையில் ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டை, கறி மீயில் வெந்தும் வேகாமலும் போடும் சிப்பி இரண்டையும் பெரியம்மா விட்டுவிட்டார். முதலாவதை விட்டதில் அவருக்கு இன்னும் வருத்தம்.

மிக மோசமானது பி12 குறைவு. ஈரலில் இதன் சேமிப்பு சில ஆண்டுகளுக்கு வரும். அதனால் வரவு நின்றுபோனாலும் உடனே தெரியாது. தெரியும்போது ரத்தசோகை, நாக்கெரிச்சல், மறதி, கால் மரப்பு என்று வரும். பெரியம்மாவுக்கு வீட்டுக்குள் நடக்கும்போது செருப்பு கழன்று போவதே தெரியவில்லை. இரண்டு அடி வெறுங்காலோடு நடந்த பிறகு, தரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். சர்க்கரை நோய் இருப்பதால் எல்லோரும் பழியைச் சர்க்கரை மேல் போட்டுவிட்டோம். நரம்புச் சேதம் நீடித்தால் முழுதாகத் திரும்பாது. இதில் ஒரு கண்ணி வேறு: ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விழுங்கினால் ரத்தசோகை மறையும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

ஆக, கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காணாமல் போன அமிலத்தை வயிற்றில் திருப்பி ஊற்றுவதா, அமிலம் பார்த்த வேலையை வேறு வழியில் முடித்துக்கொள்வதா? அம்மா, அண்ணி, தம்பி மூவரும் முதல் கட்சி. நான் பெரும்பாலும் இரண்டாவது கட்சி.

அமிலத்தைக் குறைத்தது யார்

எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கண்டுபிடிக்காவிட்டால் மீதி எல்லாம் குருட்டு வைத்தியம். வழக்கமான குற்றவாளிகள் மூவர்: மாத்திரை, கிருமி, நம் உடம்பே.

மாத்திரை என்றால் ஒமெப்ரசோல் குடும்பம். 1988இல் விற்பனைக்கு வந்த இது, அமிலம் சுரக்கும் செல்லின் பம்பையே மூடிவிடுகிறது. புண் ஆறுவதற்கு இதைப்போல் நல்ல மருந்து முன்பு இருந்ததில்லை. ரத்தம் கக்கி ஆஸ்பத்திரிக்குப் போகும் கூட்டம் குறைந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் சில வாரங்களுக்கென்று எழுதிக்கொடுத்தது பலருக்கு ஆண்டுக்கணக்காகிவிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுப்பவர்களிடம் பி12 குறைவு கூடுதலாகக் காணப்படுவதாக 2013இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. சர்க்கரைக்கு எடுக்கும் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கும் நம்மவர்களை எண்ணிப் பாருங்கள். மலேசியாவில் சர்க்கரை நோய் விகிதம் இந்தியர்களிடம்தான் அதிகம்.

கிருமி என்றால் ஹெலிகோபாக்டர் பைலோரி. 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், இந்தக் கிருமிதான் இரைப்பை அழற்சிக்குக் காரணம் என்று நிறுவ அதைத் தாமே குடித்தார். சில நாளில் காலையில் வாந்தி எடுத்தார்; அந்த வாந்தியில் அமிலம் இல்லை என்பதையும் குறித்து வைத்தார். 2005இல் ராபின் வாரனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புதிதாகத் தொற்றும்போது இப்படித் தற்காலிகமாகவும், பல ஆண்டு தங்கி இரைப்பைச் சுவரைத் தேய்த்துவிட்டால் நிலையாகவும் அமிலம் குறையும். மலேசிய ஆய்வுகளில் இந்தக் கிருமி மலாய்க்காரர்களைவிடச் சீனர்களிடமும் இந்தியர்களிடமும் அதிகமாகக் காணப்படுகிறது. இத்தனை கிருமி இருந்தும் இந்தியர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் அந்த அளவுக்கு வருவதில்லை என்பதை மருத்துவர்கள் 'இந்தியப் புதிர்' என்கிறார்கள்.

மூன்றாவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அமிலச் செல்களைத் தாக்குவது. பி12-ஐக் குடலுக்குள் ஏற்றிவிடும் ஒரு புரதத்தைச் சுரப்பதும் அதே செல்கள்தான் என்பதால் இங்கே நட்டம் இரட்டிப்பு. தைராய்டு கோளாறு உள்ள பெண்களிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கலாம். பி12 குறையும் முன்பே, எத்தனை மாத்திரை தின்றாலும் ஏறாத இரும்புச்சத்துக் குறைவாக இது தலைகாட்டுவதும் உண்டு. ஒரு காலத்தில் இந்த வகை ரத்தசோகை உயிரையே எடுத்தது. 1926இல் மைனட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், தினமும் ஈரலைத் தின்னக் கொடுத்து நோயாளிகளைப் பிழைக்கவைத்தார்கள். 1934இல் நோபல் பரிசு வந்தது. வில்லியம் காசில் என்பவர் மாட்டிறைச்சியைத் தாம் தின்று, ஒரு மணி நேரத்தில் வெளியே எடுத்து, பக்குவப்படுத்தி நோயாளியின் வயிற்றுக்குள் குழாய் வழியாகச் செலுத்தி, இரைப்பையில் இன்னொரு பொருளும் (மேலே சொன்ன அந்தப் புரதம்தான்) இருப்பதை நிரூபித்தார். சாப்பிடும்போது இதைச் சொன்னதற்காக அண்ணி என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

இனி நான்கு கட்சிகள்.

மாத்திரையைத் தூக்கிப் போடுவது

அம்மாவின் யோசனையில் பாதி சரி. பெரியம்மாவுக்கு ஒமெப்ரசோல் தொடங்கியது, மூட்டுவலிக்குக் கடுமையான வலிநிவாரணி எடுத்தபோது வயிற்றைக் காக்க. வலிநிவாரணியை நிறுத்தி நான்கு ஆண்டாகிறது. காவலுக்கு வைத்த ஆள் மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். இப்படிக் காரணம் காலாவதியான பிறகு தொடரும் மாத்திரையை நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேட்பது நியாயம்.

தவறான பாதி, 'இன்றே' என்பது. பம்பை நீண்டநாள் மூடி வைத்தால் உடம்பு அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோனைக் கூட்டிக்கொள்ளும். மூடியைத் திடீரென்று திறந்தால் முன்பைவிட அதிகமாகப் பொங்கும். டென்மார்க்கில் வயிற்றுக்கோளாறே இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2009இல் வெளியானது. எட்டு வாரம் எடுத்து நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சலும் அஜீரணமும் வந்தன. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 15 விழுக்காடுதான். என் கவுண்டருக்கு வந்து, நிறுத்திப் பார்த்தேன் முடியவில்லை, ஆயுள் முழுக்க வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னவர்களில் பலர் இந்தப் பொங்கலைத்தான் பழைய நோய் என்று நினைத்துக்கொண்டார்கள். மருத்துவரிடம் கேட்டு அளவைப் பாதியாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, இடையில் எரிந்தால் அமிலமுறி மருந்தோ, அமிலத்தைக் குறைக்கும் வேறு மருந்தான ஃபாமோடிடினோ எடுத்துக் கடப்பது பலருக்கு ஒத்துவருகிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரர் இதய ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பிரினும் இன்னொரு ரத்த மெலிவு மாத்திரையும் எடுப்பவர். பெரியம்மா கதையைக் கேட்டுவிட்டுத் தம்முடையதையும் நிறுத்தப்போவதாகச் சொன்னார். கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். அவரைப் போன்றவர்கள், முன்பு புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தவர்கள், உணவுக்குழாயில் கடும் புண் உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த மாத்திரைதான் உயிர்க்காவல்.

வினிகர்

அண்ணியின் வாதம் எளிது: அமிலம் குறைவு, அமிலத்தைக் குடி. பால் உறையவைக்கத் தோட்டத்தில் ஃபார்மிக் அமிலத்துக்குப் பதில் வினிகரின் அசெட்டிக் அமிலத்தையும் பயன்படுத்துவது உண்டு என்பதால் பெரியம்மாவுக்கு இது உடனே பிடித்துப்போனது. ஆனால் இரைப்பை என்பது தட்டு அல்ல. வினிகரில் அசெட்டிக் அமிலம் 5 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. அதுவே மென்மையான அமிலம். அதிலும் ஒரு கரண்டியை ஒரு கிளாஸ் தண்ணீரில் கலக்கி, மேலே சோறும் குழம்பும் போட்டால் என்ன மிஞ்சும்? அமிலக் குறைவுள்ளவர்களுக்கு இது பி12-ஐயோ இரும்பையோ ஏற்றுகிறது என்று காட்டும் நல்ல ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. பல்லின் எனாமல் தேய்வது மட்டும் உறுதி. சர்க்கரை நோயால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்களுக்கு வினிகர் அதை இன்னும் மெதுவாக்கக்கூடும். பெரியம்மா அந்த வகையா என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது?

புளிப்பில் பயனே இல்லை என்று சொல்லவில்லை. முருங்கைக்கீரையோடு ஒரு கொய்யாத்துண்டோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால், வைட்டமின் சி இரும்பை ஏற்ற உதவும். சாப்பிட்ட கையோடு தே தாரிக் என்ற பால் தேநீர் குடித்தால் அந்த இரும்பில் பாதி தேயிலையோடு கட்டிக்கொண்டு போய்விடும். சோற்றுக்கும் தேநீருக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுவது, வினிகர் பாட்டிலைவிட மலிவான வைத்தியம்.

டப்பா

தம்பியின் பீட்டைன் ஹைட்ரோகுளோரைடை நான் சிரித்துத் தள்ளவில்லை. அது உண்மையிலேயே வயிற்றை அமிலமாக்கும். 2013இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், மருந்தால் அமிலம் குறைக்கப்பட்ட ஆறு பேருக்கு 1500 மில்லிகிராம் கொடுத்தபோது அமிலம் சில நிமிடங்களில் ஏறியது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் நின்றது. அது தவிர, அந்த ஆய்வின் நோக்கம் சில மருந்துகளை உடம்பில் ஏற்ற முடியுமா என்று பார்ப்பது. மரத்த கால் தேறுமா என்பது அல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1993இலேயே, இத்தகைய அமிலமூட்டிகளைக் கடையில் மருந்தென்று விற்பதற்குத் தேவையான பாதுகாப்பு, பலன் இரண்டும் நிறுவப்படவில்லை என்று ஒதுக்கிவிட்டது. அதனால்தான் அது 'சத்துணவு' என்ற பெயரில் டப்பாவுக்குள் வாழ்கிறது. பெரிய ஆபத்து என்னவென்றால், வயிற்றில் ஆறாத புண் இருப்பது தெரியாமல் இதை விழுங்குவது. வலிநிவாரணி தின்று பழகிய தோட்டத்து முதியவர்களில் எத்தனை பேர் வயிற்றுக்குள் எண்டோஸ்கோப்பி குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள்? தம்பிக்கு என் மேல் கோபம். டப்பாவின் விலைக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம் என்று சொன்னதில் இன்னும் கூடுதல் கோபம்.

ஊசி

பி12 ஊசி அமிலத்தையும் இரைப்பையையும் கேட்பதே இல்லை. கால் மரப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி என்று நரம்பில் அடையாளம் வந்துவிட்டவர்களுக்கு இதுவே முதல் வழி, தள்ளிப்போடக் கூடாது. அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் பதிவுக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்துவிடலாம் என்பதால் காசும் தடையல்ல. பஸ் பிடித்துப் போய்வரும் நேரம்தான் தடை.

பலருக்கு ஊசி நிரந்தரமாகத் தேவையில்லை. மாத்திரையில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை; அதைப் பிரிக்க அமிலம் வேண்டாம். ஒமெப்ரசோலால் மட்டும் குறைந்தவர்களுக்குச் சாதாரண அளவு மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். அமிலச் செல்களே அழிந்தவர்களுக்கும், விழுங்குவதில் ஏறத்தாழ 1 விழுக்காடு குடலில் தானாகக் கசிந்து ஏறிவிடும். தினம் 1000 மைக்ரோகிராம் எடுத்தால் 10 மைக்ரோகிராம். ஒருவருக்கு நாளுக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம்தான். கணக்கு இடிக்கவில்லை.

ஊரில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டு வாங்கும் பி1, பி6, பி12 கலவையைத்தான் நான் எச்சரிப்பேன். அதில் பி6 அளவு பெரிது. வருடக்கணக்கில் விழுங்கினால் அந்த பி6 தானே கால் மரப்பை உண்டாக்கும். மரப்புக்கு மருந்து தின்று மரப்பை வாங்குவது என்றால் நம்ப மாட்டார்கள், ஆனால் நடக்கிறது.

எலும்புக்குக் கால்சியம் எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், உணவோடு எடுக்கலாம், கால்சியம் சிட்ரேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், ஒமெப்ரசோலைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அளவு மாறும்.

என்ன முடிவெடுத்தோம்

முதலில் மருத்துவர் சொன்ன ஊசி, அதற்குக் காத்திருப்பே இல்லை. பிறகு காரணம் தேடினோம். ரத்தத்தில் இரும்புச் சேமிப்பு, அமிலச் செல்லுக்கு எதிரான எதிர்ப்பான் இரண்டும் பார்க்கக் கேட்டோம். கிருமிக்கு ஊதிப்பார்க்கும் சோதனை. இதற்கு இரண்டு வாரம் முன்பே ஒமெப்ரசோலை நிறுத்த வேண்டும், நுண்ணுயிர்க்கொல்லி எடுத்திருந்தால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். நிறுத்தத்தான் போகிறோம் என்பதால் மாத்திரையைக் குறைப்பதையும் இதையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டோம். இரும்பு ஏறாமலே இருந்தால், எடை குறைந்தால், மலம் கறுத்தால் பக்கத்து நகரமான ஈப்போவுக்குப் போய் எண்டோஸ்கோப்பி செய்வது என்றும் பேசி வைத்தோம். எதிர்ப்பான் இருப்பவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தச் சோதனை தேவைப்படும். தேய்ந்த இரைப்பையில் கட்டிகள் வளரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

கிருமிதான் என்று நான் பந்தயமே கட்டியிருந்தேன். இல்லை என்று வந்தது. எதிர்ப்பானும் இல்லை. ஒமெப்ரசோலும் மெட்ஃபார்மினும் சேர்ந்து செய்த வேலை. குறைத்துக்கொண்டு வந்த மூன்றாவது வாரம் பெரியம்மாவுக்கு நெஞ்சு நன்றாகவே எரிந்தது. திட்டு எனக்கு விழுந்தது. ஐந்தாவது வாரம் அடங்கியது. மெட்ஃபார்மின் தொடர்வதால் பி12 மாத்திரையும் தொடர்கிறது, ஊசி நின்றுவிட்டது. அண்ணியின் வினிகர் தீபாவளிக்கு வெள்ளரிக்காய் அச்சாரில் போனது, அச்சார் நன்றாகவே இருந்தது.

இடது காலில் இரண்டு விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. ஆனால் செருப்பு கழன்றால் இப்போது தெரிகிறது என்கிறார்.